ஒருவரைப் பற்றி எழுதும்போது முத்திரை குத்தாமல் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தி, பேட்டிக் கட்டுரை, கள அறிக்கை, மாணவர் பதிவேடு என்று தமிழில் மனிதர்களைப் பற்றி எழுத வேண்டியிருப்பவர்களுக்கான பக்கம் இது. பள்ளிப் பதிவேட்டில் ஏறிய 'மந்தம்', செய்தியில் வந்த 'ரவுடி', கள அறிக்கையில் எழுதிய 'ஒத்துழைக்காதவர்' எல்லாம் எழுதியவருக்கு அன்றைக்கே மறந்துபோகும். எழுதப்பட்டவர் பின்னால் அவை பல வருடம் வரும். அடுத்து அந்தத் தாளைப் படிக்கிறவர், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே முடிவுக்கு வந்துவிடுகிறார். அதனால்தான் ஒவ்வொரு சொல்லையும் இவ்வளவு நேரம் எடுத்துப் பார்க்கிறோம்.

முதல் பார்வையில் மனதில் பட்டதை ஒதுக்கிவைக்க முடியுமா?

முடியாது. அது நாம் கேட்டு வருவதில்லை. 2006-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜானின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடரோவ் இருவரும் முன்பின் தெரியாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். அப்போது சொன்ன பதிலும், வேண்டிய மட்டும் பார்த்துவிட்டுச் சொன்ன பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தீர்ப்பின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கைதான் கூடியது.

ஆகவே 'நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்' என்பது பாதுகாப்பு ஆகாது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் முதலில் பட்டதையே உறுதிப்படுத்திக்கொண்டிருப்போம். முகத்தில் கிடைக்காத தகவல் வந்தால்தான் அந்த எண்ணம் அசையும்: அவர் செய்த வேலை, சொன்ன சொல், அவரோடு பழகியவர்கள் சொன்னது.

வரிசையும் ஏமாற்றும். சாலமன் ஆஷ் 1946-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மனிதரைப் பற்றிய ஆறு சொற்களை ஒரு குழுவுக்கு 'அறிவாளி, உழைப்பாளி' என்று தொடங்கி 'பிடிவாதக்காரர், பொறாமைக்காரர்' என்று முடித்துப் படித்துக் காட்டினார். இன்னொரு குழுவுக்கு அதே சொற்களைத் தலைகீழாகப் படித்தார். முதல் குழு குறைகள் இருந்தும் திறமையான ஒருவரைக் கண்டது. இரண்டாவது குழுவுக்குத் திறமை இருந்தும் பிரச்சினையான ஆள் கிடைத்தார். ஆறு சொல்லும் அதேதான். உங்கள் கட்டுரையில் ஒருவரைப் பற்றி முதலில் நிற்கும் சொல், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் நிறம் ஏற்றிவிடும். முதல் பத்தியை அவர் செய்த ஒரு செயலில் தொடங்குங்கள். அவர் என்ன சாதி, ஊர், நோய், வழக்கு என்பதில் தொடங்க வேண்டாம்.

குறிப்பேட்டில் எப்படி எடுப்பது?

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'கண்டது, கேட்டது'. வலது பக்கம் 'எனக்குத் தோன்றியது'. வலது பக்கத்தை வெட்கப்படாமல் எழுதுங்கள். 'திமிரான ஆள்' என்று தோன்றினால் அப்படியே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அது இடது பக்கத்துக்குள் கலந்து, நடந்த சேதி போல வேடம் போட்டுக்கொள்ளும்.

பிறகு வலது பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் இடது பக்கத்தில் ஆதாரம் தேடுங்கள். 'திமிர்' என்று எழுத வைத்தது எது? 'நான் வந்தபோது எழுந்திருக்கவில்லை. கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை.' இப்போது அதே மூன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாமா என்று பாருங்கள். முழங்கால் வலி, காது மந்தம், கடன்காரர் என்று நினைத்துப் பயந்தது, முந்தைய நிருபர் தவறாக எழுதிவிட்டுப் போனது. இரண்டு காரணமாவது தேறினால் அந்தச் சொல் கட்டுரைக்குள் போகக் கூடாது. மூன்று செயல்களை வேண்டுமானால் அப்படியே எழுதலாம்.

ஒரு குணத்தைச் சொல்ல நாங்கள் வைத்திருக்கும் அளவு இது: வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஆட்கள் முன்னால் நடந்த மூன்று நிகழ்ச்சிகள். அலுவலகத்தில் மட்டும் பார்த்தவரை வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ ஒருமுறை பாருங்கள். அவருக்கு மேலே இருப்பவர் ஒருவர், கீழே வேலை செய்பவர் ஒருவர், அவரோடு ஒத்துப்போகாதவர் ஒருவர் என மூவரிடம் கேளுங்கள். மேலதிகாரியிடம் மட்டும் கேட்டால் அதிகாரிக்குப் பிடித்த குணங்கள்தான் கிடைக்கும்.

கேள்வி கேட்பதிலேயே முத்திரை விழுந்துவிடுமா?

விழும். மார்க் ஸ்னைடர், வில்லியம் ஸ்வான் 1978-ல் இதைச் சோதித்தார்கள். 'இவர் கலகலப்பானவரா என்று கண்டுபிடியுங்கள்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், கலகலப்பான ஆளிடம் கேட்கும் கேள்விகளையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கேள்விகளுக்கு யார் பதில் சொன்னாலும் கலகலப்பானவராகத்தான் தெரிவார். 'உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்' என்று தொடங்கினால் கஷ்டம் மட்டும் வரும். 'நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். மணி வாரியாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் கிடைக்கும் தகவல் வேறெந்தக் கேள்வியிலும் கிடைப்பதில்லை.

பெயர்ச்சொல்லை விடுங்கள், வினையைப் பிடியுங்கள் என்கிறீர்கள். ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துப்போக இடம் இருந்தால் இதை எடுத்துப்போங்கள்.

'திருடன்' என்ற சொல்லில் காலம் இல்லை. நேற்றும் திருடன், இன்றும் திருடன், நாளைக்கும் திருடன். 'திருடியவர்' என்பதில் இறந்தகாலம் உள்ளே இருக்கிறது; ஒருமுறை நடந்தது என்று மட்டும் சொல்கிறது. பள்ளியில் படித்த வினையாலணையும் பெயர்தான். 'குடிகாரர்' என்பதற்கும் 'குடித்திருந்தவர்' என்பதற்கும் இடையே ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. முதல் சொல் ஆளையே அதுவாக்குகிறது. இரண்டாவது, அன்று மாலை அவர் இருந்த நிலையைச் சொல்கிறது. தமிழ் இந்த வசதியை நம் கையில் கொடுத்திருக்கிறது. பயன்படுத்தாமல் விடுவது நம் தவறு.

-காரர், -ஆளி, -வாதி, பேர்வழி, ஆசாமி என்று முடியும் சொற்களைக் கண்டால் நின்று பாருங்கள். தொழிலைச் சொன்னால் பிரச்சினை இல்லை: பால்காரர், தொழிலாளி. குணத்தைச் சொன்னால் பிரித்து எழுதுங்கள். 'சண்டைக்காரி' என்றால் எதற்கு, யாரிடம், எத்தனை முறை சண்டை போட்டார்? 'மூன்று மாதமாகத் தண்ணீர் வராததால் இரண்டு முறை பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார்' என்று எழுதிப் பாருங்கள். சண்டைக்காரி போய்விடுவார், தண்ணீர்ப் பிரச்சினை வந்துவிடும்.

இதில் யாரும் அறியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. இத்தாலியில் குதிரைப் பந்தயத்தில் போட்டியிடும் பேட்டைகளின் ஆட்களை வைத்து ஆன் மாஸும் உடன் பணியாற்றியவர்களும் 1989-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுவது இது. தன் பேட்டைக்காரர் உதவினால் 'நல்ல மனிதர்' என்று குணமாகச் சொன்னார்கள். எதிர்ப் பேட்டைக்காரர் உதவினால் 'கைகொடுத்துத் தூக்கிவிட்டார்' என்று செயலாகச் சொன்னார்கள். கெட்ட காரியத்தில் இது அப்படியே திரும்பியது. நம் செய்திகளிலும் இதே வாடை உண்டு. தெரிந்த குடும்பத்துப் பையன் வண்டியை மோதினால் 'கட்டுப்பாட்டை இழந்து மோதியது'. தெரியாத பேட்டைப் பையன் மோதினால் 'போதை ஆசாமி'. ஒரே செய்தியில் வரும் இரண்டு தரப்புக்கும் ஒரே வகைச் சொல்லா என்று எழுதி முடித்தபின் சரிபாருங்கள்.

'இருந்தாலும்' என்ற சொல்லை ஏன் தேடச் சொல்கிறீர்கள்?

'கறுப்பாக இருந்தாலும் களையான முகம்.' 'படிக்காதவர் என்றாலும் விவரமானவர்.' 'ஏழையானாலும் நேர்மையானவர்.' 'பெண்ணாக இருந்தும் துணிச்சலாக.' 'இந்த வயதிலும்.' 'ஊனத்தையும் மீறி.' பாராட்டுவதாக நினைத்துத்தான் எழுதுகிறோம். ஆனால் -ஆலும், -இருந்தும், மீறி, கூட என்ற இடங்களில் நாம் எழுதாத இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: கறுப்பாக இருந்தால் களை இருக்காது, ஏழைகள் நேர்மையாக இருக்க மாட்டார்கள்.

சோதிக்கும் முறை எளிது. ஒளிந்திருக்கும் வாக்கியத்தை வெளியே எடுத்துத் தனியாக எழுதுங்கள். அதன் கீழ் உங்கள் பெயரைப் போடச் சம்மதிப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் முன்பாதியை வெட்டுங்கள். 'களையான முகம்' போதும். 'நேர்மையானவர்' போதும், அதைவிட அவர் கீழே கிடந்த பணத்தை என்ன செய்தார் என்று எழுதினால் இன்னும் நல்லது.

உண்மையிலேயே தடை இருந்த இடத்தில் அதை மறைக்க வேண்டியதில்லை. தடை எங்கே இருந்தது என்பதைச் சரியாக எழுதுங்கள். 'சக்கர நாற்காலியில் இருந்தாலும் பட்டம் பெற்றார்' என்பதை விட 'வகுப்பறை இரண்டாவது மாடியில். மின்தூக்கி இல்லை. மூன்று வருடமும் நண்பர்கள் தூக்கிச் சென்றார்கள்' என்பது உண்மைக்கு அருகில் இருக்கிறது. தடை அவர் உடம்பில் இல்லை, படிக்கட்டில் இருந்தது.

நல்ல விதமாகப் பொதுப்படுத்தினாலும் தவறா?

ஆம். 'வெள்ளந்தி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கிராமத்தார், பழங்குடியினர், மீனவர் பற்றிய கட்டுரைகளில் உப்பு மாதிரி விழும் சொல் இது. வெள்ளந்தி என்று எழுதப்பட்டவருக்குக் கணக்குத் தெரியாது, சூழ்ச்சி புரியாது, தன் உரிமையைத் தானே கேட்கத் தெரியாது என்று அர்த்தமாகிறது. அதன்பின் அவருக்காக வேறொருவர் பேச வந்துவிடுகிறார்.

உண்மையான திறமைகூட முத்திரை ஆகலாம். இருளர்களின் பாம்பு பிடிக்கும் அறிவு பெரியது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வணிகம் நின்றபின், விஷம் எடுப்பதற்கென்று 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இதையெல்லாம் எழுத வேண்டும். ஆனால் எந்த இருளரைச் சந்தித்தாலும் பாம்பைப் பற்றியே கேட்பது வேறு. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு வேலை செய்தவர்களிடமும் பாம்புக் கதையைக் கேட்டுவிட்டு வந்தால், அவர் சொல்ல வைத்திருந்த கூலிக் கணக்கு நம் குறிப்பேட்டில் ஏறவே ஏறாது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. எல்லா அரிசியும் ஒரே உலையில், ஒரே நேரத்தில் வெந்தது. மனிதர்கள் அப்படி வேகவில்லை.

ஒரு எடுத்துக்காட்டு காட்ட முடியுமா?

கீழே உள்ள இரண்டும் பயிற்சிக்காக எழுதியவை. முதலாவது நாம் அடிக்கடி பார்க்கும் வகை:

'எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் உழைப்பை மட்டுமே நம்பி வாழும் வெள்ளந்தியான மீனவப் பெண் அவர். கறுத்த மேனி, காலணா அகலப் பொட்டு, வெற்றிலைச் சிவப்பேறிய வாய், கணீர்க் குரல். வறுமை வாட்டினாலும் சிரிப்பு மாறாத முகம்.'

இரண்டாவது:

'விடியுமுன் காசிமேட்டு ஏலத்துக்கு வந்துவிடுகிறார். கூடையின் மேலே கிடக்கும் மீனை அவர் தொடுவதே இல்லை. கையை அடியில் விட்டு ஒரு சங்கராவை எடுத்துச் செவுளைத் திறக்கிறார். சிவப்பு வெளுத்திருந்தால் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுகிறார். தண்டலில் 10,000 எழுதி 9,000 வாங்கியிருக்கிறார். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "தண்டல் நூறு போக 400 நிக்கணும். நிக்காதுன்னு தெரிஞ்சா வஞ்சிரம் பக்கமே போக மாட்டேன், நெத்திலி போதும்" என்கிறார். கணக்கு முழுவதும் மனசில். தண்டல் அட்டையில் போட்ட தேதியை மட்டும் ராத்திரி மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்.'

முதல் பத்தியில் இந்தப் பெண் செய்த காரியம் ஒன்றுகூட இல்லை. அதை மதுரைப் பூக்காரருக்கோ தஞ்சாவூர் நாற்று நடுபவருக்கோ இரண்டு சொல் மாற்றிப் போட்டுவிடலாம். அப்படி மாற்றிப் போட முடிகிற பத்தி யாரைப் பற்றியதும் இல்லை. இரண்டாவதில் வறுமை இருக்கிறது, ஆனால் எண்ணாக இருக்கிறது: 9,000 கையில் வாங்கி 10,000 கட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாததும் இருக்கிறது. மகள் படித்துச் சொல்கிறாள். நிறமும் பொட்டும் இல்லை, அவற்றால் தெரிய வேண்டியது எதுவும் இல்லாததால். அவருடைய பேச்சை அவருடைய பேச்சாகவே விட்டிருக்கிறோம். இதிலும் ஒரு எச்சரிக்கை: ஏழைகளின் பேச்சை மட்டும் கொச்சையிலும், அதிகாரியின் பேச்சை இலக்கணத் தமிழிலும் எழுதக் கூடாது. அதிகாரியும் 'பண்றோம், பாக்குறோம்' என்றுதான் பேசியிருப்பார். இருவருக்கும் ஒரே நடை வையுங்கள்.

'முத்திரை' என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்டீரியோடைப் என்ற சொல் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. கோத்த எழுத்துகளின் மேல் அச்சு எடுத்து, உலோகம் வார்த்து, பக்கம் முழுவதையும் ஒரே தகடாக்குவார்கள். எத்தனை படி வேண்டுமானாலும் அடிக்கலாம். உள்ளே ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-ல் இந்தச் சொல்லை மனிதர்களைப் பற்றிய எண்ணத்துக்கு எடுத்தாண்டார். மேலே உள்ள முதல் பத்தி அப்படிப்பட்ட ஒரு தகடு.

சாதியைக் குறிப்பிடலாமா?

நிகழ்ச்சிக்குக் காரணமே சாதி என்றால் குறிப்பிட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் கூடாது.

பட்டியல் சாதியினர் மேல் நடந்த தாக்குதலை 'இரு தரப்பினர் மோதல்' என்று எழுதுவது நடுநிலை போலத் தோன்றும். அடித்தவரும் அடிவாங்கியவரும் அதில் ஒன்றாகிவிடுகிறார்கள். யார், யாரை, எதற்காக, எதைக் கொண்டு தாக்கினார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானதா என்பதை எழுத வேண்டும். சாலை விபத்திலும் தேர்வு முடிவிலும் சாதிக்கு வேலை இல்லை.

நேரடியாகக் கேட்காமல் 'எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு' என்று சுற்றி வந்து கேட்பது நமக்குப் பழக்கம். கட்டுரையிலும் அது வந்துவிடும். 'காலனியைச் சேர்ந்தவர்' என்று எழுதினால் சாதியை எழுதியதாகத்தான் ஊரில் படிப்பார்கள். இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரல் 29-ல் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தெருவின் பெயரை எழுதுங்கள். தேவையில்லை என்றால் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள்.

ஒரு சமூகத்துக்கே முத்திரை குத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ன் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததற்காகவே கைரேகை பதிய வேண்டும், இரவில் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. இதை எதிர்த்த உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டு 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது 1952-ல். 'அந்தப் பக்கத்து ஆட்கள் முரடர்கள்' என்று இன்றும் சாதாரணமாக எழுதுகிறவர், எந்தச் சட்டத்தின் வாசகத்தை மறுபடியும் எழுதுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

'வடமாநில வாலிபர்' என்று எழுதுவதில் என்ன பிரச்சினை?

உள்ளூர்க்காரர் என்றால் வயது, தொழில், ஊர் எழுதுகிறோம். வெளிமாநிலத் தொழிலாளி என்றால் திசையை மட்டும் எழுதுகிறோம். திருப்பூர்ப் பின்னலாடைக் கூடத்திலும் சென்னைக் கட்டுமானப் பணியிலும் இருப்பவர்கள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத்தவர்கள். பேசும் மொழி போஜ்புரி, மைதிலி, ஒடியா, வங்காளம், சந்தாலி. எல்லாரையும் 'இந்திக்காரர்' என்பது, தென்னாட்டார் எல்லாரையும் 'மதராசி' என்று அழைத்தபோது நமக்கு வலித்த அதே தவறு. மாவட்டம், மொழி, வேலையின் பெயர் மூன்றையும் கேளுங்கள்.

2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. வதந்தி பரப்பியவர்கள் மேல் தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டது. அங்கே தமிழர்களைப் பற்றியும் இங்கே பீகாரிகளைப் பற்றியும் ஏற்கெனவே தகடு வார்த்து வைத்திருந்ததால்தான் அந்தப் படங்களை இரு பக்கமும் சட்டென்று நம்பினார்கள்.

உடல், மனம், பாலினம் பற்றிய சொற்களில் எதைப் பயன்படுத்துவது?

அவர் தன்னை என்ன சொல்கிறாரோ அதை. கேட்பதில் கூச்சம் வேண்டாம்: 'உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும்?'

'மாற்றுத்திறனாளி' பொதுச்சொல். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆகவே பொதுச்சொல்லோடு நின்றால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தேவை இருந்தால் துல்லியமாக எழுதுங்கள்: பார்வையற்றவர், காது கேளாதவர், இடது காலில் காலிப்பர் அணிந்தவர். தேவை இல்லையென்றால் எழுதவே வேண்டாம். 'செவிடன் காதில் ஊதிய சங்கு', 'குருட்டு நம்பிக்கை', 'நொண்டிச் சாக்கு' போன்றவை மனிதரைக் குறிக்காத இடத்திலும் மனிதரைக் குத்துகின்றன. மாற்றுச் சொல் எப்போதும் கிடைக்கும்.

தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறவரை 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' என்று எழுதாதீர்கள். மருத்துவர் சொல்லாதவரை அது நம் ஊகம். 'கிழிந்த சட்டையோடு இருந்தார், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை' என்பதுதான் நாம் கண்டது.

திருநங்கையர் நல வாரியத்தைத் தமிழ்நாடு 2008-ல் அமைத்தபின் 'திருநங்கை' எல்லா ஏடுகளிலும் நிலைத்தது. பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவரையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். உயர் நீதிமன்ற வழக்கையொட்டி 2022-ல் அரசு ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. பழைய பெயரைக் கேட்காதீர்கள், தெரிந்தாலும் எழுதாதீர்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வரி: 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பாலின முத்திரைச் சொற்களைத் தவிர்க்க நீதிபதிகளுக்கே கையேடு கொடுத்தது. நாம் இன்னும் 'கள்ளக்காதலி', 'அழகி', 'உல்லாசம்' என்று தலைப்பு வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

'அவன்', 'அவள்', 'அவர்' எதை எங்கே?

கடை முதலாளி 'தெரிவித்தார்', கடைப் பையன் 'சொன்னான்'. பையனுக்கு வயது 23. இது நம் மொழி கொடுத்த பொறி. எழுதும்போது காதில் விழாது. 18 வயது என்று ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் எல்லாருக்கும் 'அவர்' என்று முடிவு செய்யுங்கள்: கைதானவர், துப்புரவுப் பணியாளர், பிச்சை எடுப்பவர் உட்பட. முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஆன், ஆள், ஆர் கலந்திருந்தால் கண்ணில் படும். வயதை எண்ணில் எழுதுங்கள். 55 வயதுக்காரர் 'மூதாட்டி' ஆகிவிடுவது எண்ணை மறந்ததால்தான்.

தோற்றத்தை எழுதவே கூடாதா? காணாமல் போனவர் அறிவிப்புக்கு என்ன செய்வது?

அங்கே தோற்றம்தான் முக்கியம், அதனால்தான் துல்லியம் வேண்டும். 'மாநிறம், நடுத்தர உடல்வாகு' என்றால் பேருந்து நிலையத்தில் நிற்கும் பாதிப் பேருக்குப் பொருந்தும். உயரத்துக்கு, காணாமல் போனவர் வீட்டில் யார் தோளுக்கு வருவார் என்று கேட்டு, அந்தத் தோளின் உயரத்தை அளந்து சென்டிமீட்டரில் எழுதுங்கள். பச்சை குத்தியது எந்தக் கையில், என்ன எழுத்து? முன்பல்லில் இடைவெளி உண்டா? நடையில் எந்தக் கால் இழுக்கும்? செருப்பின் நிறம், எந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்த மொழி பேசுவார்? சட்டையை மாற்றிவிடலாம், தழும்பை மாற்ற முடியாது, ஆகவே அதை முதலில் எழுதுங்கள்.

குற்றச் செய்தியில்?

தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்'. 'போலீஸ் சொல்கிறது' என்பதை ஒவ்வொரு தகவலோடும் சேர்த்து எழுதுங்கள். முதல் வரியில் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 74-ம் பிரிவு, வழக்கில் வரும் சிறுவர்களின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடத் தடை செய்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ம் பிரிவும், குழந்தை என்றால் போக்சோவின் 23-ம் பிரிவும் தடுக்கின்றன. பெயரை விட்டுவிட்டுத் 'தாய்மாமன்', 'தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள்' என்று எழுதினாலும் ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். உறவுமுறையையும் தொழிலையும் சேர்த்தே நீக்க வேண்டும்.

மாணவர் பதிவேட்டில் இரண்டு வரிதான் இடம். அதில் எப்படி?

இரண்டு வரியில் இரண்டு செயல்களுக்கு இடம் உண்டு. 'சோம்பேறி, கவனம் இல்லை' என்பதற்குப் பதில்: 'ஜூலையில் 6 நாள் முதல் பாடவேளைக்குத் தாமதம். வாய்க்கணக்கு உடனே சொல்கிறான். எழுத்துக்கணக்கில் பாதியில் நிறுத்துகிறான்.' அடுத்த வருட ஆசிரியருக்கு இதில் செய்ய வேலை இருக்கிறது. காலையில் வீட்டில் என்ன வேலை என்று கேட்பார், கண்ணைப் பரிசோதிக்கச் சொல்வார். 'சோம்பேறி'யை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கையெழுத்து அழகாக இருப்பதால் ஒழுக்கத்துக்கும் மதிப்பெண் கூடுவதைக் கவனியுங்கள். 1920-லேயே எட்வர்டு தார்ண்டைக் ராணுவ மதிப்பீடுகளில் இதைக் கண்டார்: உடற்கட்டு நன்றாக இருந்த வீரருக்கு அறிவுக்கும் குணத்துக்கும்கூட அதிகாரிகள் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். தப்பிக்க ஒரு வழி: மாணவர் வாரியாக எழுதாமல் தலைப்பு வாரியாக எழுதுங்கள். முதல் நாள் வகுப்பில் எல்லாருக்கும் கணக்கு மட்டும், அடுத்த நாள் எல்லாருக்கும் பேச்சு மட்டும்.

ஏற்கெனவே வெளியானதில் தவறு இருந்தால்?

எழுதப்பட்டவரிடம் முதலில் பேசுங்கள். எந்தச் சொல் உறுத்துகிறது என்று அவர் வாயால் கேளுங்கள். திருத்தத்தை முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். 'அவரை இன்னது என்று எழுதியது தவறு' என்று பழைய சொல்லை மறுபடி அச்சிடாதீர்கள். சரியானதை மட்டும் எழுதுங்கள். கையால் எழுதிய பதிவேடு என்றால் கிறுக்கி அழிக்க வேண்டாம். ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். இணையத்தில் என்றால் உள்ளே திருத்தினால் மட்டும் போதாது. தலைப்பு, பக்க முகவரி, வாட்ஸ்அப்பில் பகிர்ந்த அட்டை மூன்றையும் மாற்றுங்கள். படத்தின் கீழ் உள்ள வரியையும் பாருங்கள். பழைய சொல் பெரும்பாலும் அங்கேதான் தங்கிவிடும்.